எடை அட்டவணையின் வரலாறும் 'நலமான எடை' என்னும் கருத்தும்

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவமனைச் சுவரில் தொங்கும் எடை அட்டவணை இயற்கையின் விதிபோல் வாசிக்கப்படுகிறது. அதில் உள்ள எண்கள் எங்கே, யாருடைய உடல்களை அளந்து, எந்தத் தேவைக்காக உருவாயின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கெத்தலேயின் 'சராசரி மனிதன்', அமெரிக்க ஆயுள் காப்பீட்டு அட்டவணைகள், உடல் நிறைக் குறியெண் ஆகியவற்றின் வழியே அவ்வரலாறு தொடரப்படுகிறது. அவ்வெண்களின்மீது சென்னை, புனே ஆய்வுகள் எழுப்பிய ஐயமும், குழந்தை எடை குறித்து 1980களில் இந்தியாவில் நிகழ்ந்த விவாதமும் ஒருங்கே வைத்து நோக்கப்படுகின்றன. அட்டவணையை ஐயுறுவது எப்போதும் எளியோர் பக்கம் நிற்பதாகாது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: எடை அட்டவணை, உடல் நிறைக் குறியெண், கெத்தலே, ஆயுள் காப்பீடு, சி. கோபாலன், ஊட்டச்சத்து, தமிழ்நாடு

முன்னுரை

மனித உடலைத் தராசில் ஏற்றும் வழக்கம் தமிழகத்திற்குப் புதியதன்று. முதலாம் இராசராசன் துலாபாரம் புகுந்த செய்தியைத் திருவிசலூர்க் கல்வெட்டு கூறுகிறது. அங்கே உடலின் எடை கொடையின் அளவைக் குறித்தது. உடலின் நலத்தைக் குறிக்கவில்லை. இரயில் நிலையங்களில் நின்ற எடை எந்திரங்களும் ஏறத்தாழ அப்படித்தான். காசு போட்டால் எடையும் ஓர் அதிர்ஷ்ட வாக்கியமும் அச்சிட்ட சிறு அட்டை விழும். எடையைப் பார்த்தவரைவிட வாக்கியத்தைப் படித்தவரே மிகுதி எனலாம்.

'இந்த உயரத்திற்கு இந்த எடையே சரி' என்னும் கூற்று முற்றிலும் வேறொரு மரபைச் சார்ந்தது. சித்த மருத்துவம் உடலை வளி, அழல், ஐயம் எனப் பகுத்தபோது ஒவ்வோர் உடற்கூற்றுக்கும் அதனதன் இயல்பு உண்டென ஏற்றது. உயரத்தையும் எடையையும் எண்ணாக்கி ஊரார் அனைவருக்கும் ஒரே கோடு கிழிக்கவில்லை. (பழமை என்பதனாலேயே அது சிறந்தது என்பது என் கருத்தன்று, நீரிழிவு வருமுன் கண்டுகொள்ள அம்முறை போதாது.) அந்தக் கோடு ஐரோப்பாவில் தோன்றி, அமெரிக்காவில் வணிகத்தின் கையில் வளர்ந்து, பின்னரே மருத்துவத்துக்குள் நுழைந்தது.

வானியலாளர் கண்ட மனிதன்

அடோல்ஃப் கெத்தலே (1796–1874) பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பிறந்தவர்; பிரஸ்ஸல்ஸ் வானாய்வகத்தை உருவாக்கியவர். ஒரே விண்மீனைப் பலமுறை அளக்கும்போது ஒவ்வோர் அளவீடும் சிறிது பிழைபடும். அவற்றின் சராசரி உண்மை நிலையை அண்மிக்கும். வானியலின் இந்தப் பிழைக் கோட்பாட்டை அவர் மனிதர்க்குப் பொருத்தினார். 1835இல் வெளியான அவருடைய 'சமூக இயற்பியல்' நூல் 'சராசரி மனிதன்' என்னும் கருத்தை நிறுவியது. பின்னர் 5,738 ஸ்காட்லாந்துப் படைவீரரின் மார்பளவுகளை எடுத்துக்கொண்டு, அவை ஒரே மனிதனைப் பலமுறை பிழைபட அளந்தாற்போல் பரவியுள்ளன என்று அவர் காட்ட முயன்றார்.

இங்கு நிகழ்ந்த வழுக்கலை நின்று நோக்க வேண்டும். விண்மீன் ஒன்றே, அளவீடுகளே பல. படைவீரரோ 5,738 பேர். அவர்களுள் ஒருவர் சராசரியிலிருந்து விலகி நிற்பது எவருடைய பிழையும் அன்று. ஆயினும் கெத்தலேயின் சிந்தனையில் சராசரி என்பது இயற்கை எய்த விரும்பிய இலக்காகவும், விலகல் அதன் தவறாகவும் மாறிவிட்டன. அளந்தறிந்த 'உள்ளது' என்பது 'உள்ளதாக வேண்டியது' என ஆனது இவ்விடத்தில்தான்.

எடையைப் பற்றி அவர் கண்டது எளியது. வளர்ந்தோரிடையே எடை ஏறத்தாழ உயரத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது என்றார். எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் இருபடியால் வகுக்கும் இன்றைய கணக்கின் வேர் இதுவே. உடற்பருமன் நோயா, எந்த எடை நலம் தரும் என்னும் வினாக்கள் அவர் முன் இல்லை. மனிதர் எவ்வாறு வளர்கின்றனர் என்பதே அவர் தேடியது.

காப்பீட்டு நிறுவனத்தின் மேசையில்

ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திற்கு ஒரே கேள்விதான் உண்டு: இம்மனிதர் எப்போது இறப்பார்? அதற்கு விடைகாண உதவும் எந்த எண்ணும் அதற்குப் பொருளுடையது. அமெரிக்கக் காப்பீட்டுக் கணக்கறிஞரும் மருத்துவ இயக்குநரும் இணைந்து 1912 முதல் வெளியிட்ட பேராய்வு, 1885க்கும் 1908க்கும் இடையே வழங்கப்பட்ட பாலிசிகளைக் கொண்டு உயரம், எடை, இறப்பு ஆகியவற்றின் தொடர்பைத் தொகுத்தது. மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளர் லூயி டப்ளின் இவ்வகைத் தரவுகளைக் கொண்டு 1942இல் பெண்களுக்கும் 1943இல் ஆண்களுக்கும் 'இலட்சிய எடை' அட்டவணைகளை உருவாக்கினார்.

அவ்வட்டவணைகளின் அமைப்பே பல செய்திகளைச் சொல்லும். முந்தைய அட்டவணைகள் வயது கூடக் கூட எடையும் கூடுவதை இயல்பாகக் கொண்டிருந்தன. டப்ளினோ இருபத்தைந்து வயதின் எடையை வாழ்நாள் முழுதும் காக்க வேண்டும் என்னும் கொள்கையினர். ஒரே உயரத்தினரிடையே எடை மிகப் பரந்து கிடந்தமையால் அதைச் சிறிய, நடுத்தர, பெரிய எலும்புக்கட்டு என மூன்றாகப் பிரித்தார். எலும்புக்கட்டை எவ்வாறு அளப்பது என்பதற்கு அட்டவணையில் வழி சொல்லப்படவில்லை. மணிக்கட்டைப் பற்றிப் பார்த்துத் தாமே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். முழங்கை அகலத்தை அளந்து கட்டைக் கணிக்கும் முறை 1983ஆம் ஆண்டு அட்டவணையோடுதான் வந்தது. உயரம் காலணியோடு அளக்கப்பட்டது. எடை உடையோடு எடுக்கப்பட்டது. பாலிசிதாரர் தாமே கூறிய அளவுகளும் தரவில் கலந்திருந்தன.

அளக்கப்பட்டோர் யார் என்பது இவை அனைத்தினும் முதன்மையான கேள்வி. காப்பீடு வாங்கும் வசதியும், வாங்கத் தகுதியெனக் கருதப்படும் உடலும் உடைய அமெரிக்கரே அத்தரவில் இடம்பெற்றனர். அவருள்ளும் வெள்ளையரே மிகுதி. ஒரு குடிமக்கள்தொகையை முறையாக மாதிரி எடுத்துச் செய்த ஆய்வன்று அது. 1959இல் 26 நிறுவனங்களின் ஏறத்தாழ 49 இலட்சம் பாலிசிகளைக் கொண்டு புதிய அட்டவணை வந்தபோது 'இலட்சிய எடை' என்பது 'விரும்பத்தக்க எடை' எனப் பெயர் மாறியது. 1983இல் எடைகள் பல உயரங்களுக்கு உயர்த்தப்பட்டன. 'விரும்பத்தக்க' என்னும் அடையும் நீக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளில் மனித உடல் மாறவில்லை. பாலிசிதாரரின் இறப்புக் கணக்கே மாறியது.

காப்பீட்டின் 'இயல்பான உயிர்' என்னும் கருத்துக்கு இந்தியாவிலும் ஒரு முன்கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு இயங்கிய ஐரோப்பிய நிறுவனங்கள் இந்தியரின் உயிரை இடர் மிகுந்ததாகக் கருதிக் கூடுதல் பிரீமியம் வாங்கின. 1870இல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் சங்கமே இந்திய உயிர்களை இயல்பான கட்டணத்தில் காப்பீடு செய்த முதல் இந்திய நிறுவனமாகக் குறிப்பிடப்படுகிறது.

எல்லைக்கோடுகள் நகர்ந்த விதம்

மெட்ரோபாலிட்டன் அட்டவணைகளின் அடிப்படை வலுவற்றது எனக் கடிந்தவருள் அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆன்சல் கீஸ் முதன்மையானவர். ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை ஒப்பிட்டு, 1972இல் அவரும் உடன் ஆய்வாளரும் கெத்தலேயின் விகிதத்திற்கு 'உடல் நிறைக் குறியெண்' என்று பெயரிட்டனர்; இன்று நாம் பி.எம்.ஐ. என வழங்குவது இது. உயரத்தின் தாக்கத்தை நீக்கி ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட, இருந்த எளிய விகிதங்களுள் இது மோசமில்லை என்பதே அவர்கள் கண்டது. கொழுப்பின் அளவை அது முழுமையாகக் காட்டிவிடும் என அவர்கள் கூறவில்லை. பெண்கள் அந்த ஆய்விலேயே இல்லை.

குறியெண் ஒரு விகிதம் மட்டுமே. எங்கே கோடு கிழிப்பது என்பதை அது சொல்லாது. பிரித்தானிய மருத்துவர் ஜான் காரோ 1981இல் 25, 30, 40 என்னும் முழு எண்களைப் படிநிலைகளாகக் கொண்டார். அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் 1985ஆம் ஆண்டுக் கூட்டத்தில் வேறு எண்கள் ஏற்கப்பட்டன: ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3. இருபது முதல் இருபத்தொன்பது வயது வரையிலான அமெரிக்கருள் 85 விழுக்காட்டினர் இவ்வளவுக்குக் கீழே இருந்தனர் என்பதே அவ்வெண்களின் பிறப்பிடம். 1998இல் அந்நிறுவனம் உலக நலவாழ்வு அமைப்பின் 25, 30 என்னும் எல்லைகளுக்கு மாறியது. 170 செ.மீ. உயரமும் 75 கிலோ எடையும் உடைய ஓர் ஆணின் குறியெண் ஏறத்தாழ 26. முதல்நாள் வரை நலமான எடையினராக இருந்த அவர் மறுநாள் மிகை எடையினர் ஆனார். இவ்வாறு புதிதாக மிகை எடையினர் ஆன அமெரிக்கர் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர்.

இம்மாற்றத்தை ஒரு சூழ்ச்சியாகவே விளக்குவோர் உளர். மருந்து நிறுவனங்களுக்கு இதனால் சந்தை பெருகியது உண்மை. ஆனால் அந்த ஒன்றைக் கொண்டு எண் பொய்யென்று சொல்லிவிட இயலாது. சான்றே தீர்மானிக்க வேண்டும். சான்றோ இருபுறமும் இழுக்கிறது. காத்தரின் ஃபிளெகலும் உடன் ஆய்வாளரும் 97 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியிட்ட கட்டுரை, 25க்கும் 30க்கும் இடைப்பட்டோரின் இறப்பு விகிதம் 'இயல்பான' எடையினரைவிடச் சற்றுக் குறைவு எனக் கண்டது. புகைப்போரும் முன்னரே நோயுற்று மெலிந்தோரும் இயல்பெடைக் கூட்டத்தில் கலந்திருப்பதால் விளைந்த தோற்றம் அது என மறுப்பு எழுந்தது. புகையாதோரை மட்டும் கொண்டு, முதல் ஐந்தாண்டு இறப்புகளையும் விலக்கி 2016இல் வெளியான பன்னாட்டுத் தொகுப்பாய்வு, 20க்கும் 25க்கும் இடையிலேயே இறப்பு மிகக் குறைவு என்றது. இருபது எனும் கீழ் எல்லைக்குக் கீழும் இறப்பு கூடியதையும் அதே ஆய்வு காட்டிற்று. ஒல்லியே நலம் என்னும் நாளிதழ் அறிவுரைகளில் இப்பகுதி விடுபட்டுப் போவது வழக்கம்.

சென்னையும் புனேயும் எழுப்பிய ஐயம்

மேலை அறிஞர் சிலர் 25 என்னும் கோடு மிகத் தாழ்ந்தது எனக் கருதிய அதே காலத்தில், இந்திய ஆய்வாளர் அது மிக உயர்ந்தது எனக் காட்டிக்கொண்டிருந்தனர். சென்னையைச் சேர்ந்த சி. சினேகலதா, விஜய் விஸ்வநாதன், அ. இராமச்சந்திரன் ஆகியோர் இந்திய நகரங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் பெற்ற தரவைக் கொண்டு 2003இல் வெளியிட்ட ஆய்வு, நீரிழிவு இடர் கூடத் தொடங்கும் குறியெண் ஆண், பெண் இருபாலர்க்கும் 23 என்றது. இடைச்சுற்றளவு ஆண்களுக்கு 85 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எனவும் அது கணித்தது.

ஏன் இந்த வேறுபாடு? புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் அவ்வூர்ப்பகுதிக் கிராமக் குழந்தைகளையும் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் குழந்தைகளையும் பிறந்தவுடன் அளந்து ஒப்பிட்டனர். புனேக் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, சவுதாம்ப்டன் குழந்தையினது 3.5 கிலோ. தசையும் வயிற்று உறுப்புகளும் எடைக்கேற்பச் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த உடலில் கொழுப்பு மிகுந்த குழந்தை என அவர்கள் இதற்குப் பெயரிட்டனர். 2004இல் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தம் இருவர் ஒளிப்படத்தையே இலான்செட் இதழில் வெளியிட்டனர். இருவருக்கும் குறியெண் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. நூற்றாண்டுக் கணக்கை ஒற்றைப் படம் கவிழ்த்தது என்று சொன்னால் மிகையாகலாம். ஆனால் மாணவர்க்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேறில்லை.

2002இல் சிங்கப்பூரில் கூடிய உலக நலவாழ்வு அமைப்பின் வல்லுநர் குழு இச்சான்றுகளை ஆராய்ந்து ஓர் இடைவழியை மேற்கொண்டது. ஆசியரிடையே இடர் தொடங்கும் எல்லை 22 முதல் 25 வரை நாட்டுக்கு நாடு மாறுகிறது எனக் கண்ட குழு, 25, 30 என்னும் பன்னாட்டு எல்லைகளை அப்படியே விட்டுவிட்டு, 23, 27.5 ஆகியவற்றைச் செயற்பாட்டுப் புள்ளிகளாகச் சேர்த்தது. 2009இல் இந்திய மருத்துவர்களின் ஒருமித்த அறிக்கை 23ஐ மிகை எடையின் தொடக்கமாகவும் 25ஐ உடற்பருமனின் தொடக்கமாகவும் கொண்டது. 152 செ.மீ. உயரமுள்ள தமிழ்ப் பெண்ணுக்குப் பன்னாட்டு எல்லை 57.8 கிலோ, இந்திய எல்லை 53.1 கிலோ. இடைப்பட்ட நான்கரைக் கிலோவுக்குள் நிற்கும் பெண்ணிடம் 'உங்கள் எடை சரி' என்று சொல்லி அனுப்பும் மருத்துவர், குருதிச் சர்க்கரையை அளக்காமலும் விட்டுவிடக்கூடும். இங்கே தவறான அட்டவணையின் விலை கண்பார்வையாகவும் சிறுநீரகமாகவும் கொடுக்கப்படுகிறது.

இங்கிலாந்தில் ஏறத்தாழ 15 இலட்சம் பேரின் பதிவுகளைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வு, வெள்ளையர்க்குக் குறியெண் 30இல் உள்ள நீரிழிவு இடர் தெற்காசியர்க்கு 23.9இலேயே வந்துவிடுவதைக் காட்டியது. இலண்டன் தமிழர்க்கும் இது பொருந்தும் செய்தி.

'சிறிதாயினும் நலம்': ஐயத்தின் மறுபக்கம்

இதுவரை சொன்னதைக் கொண்டு, அயலாரின் அளவுகோலை மறுப்பது நமக்கு எப்போதும் நன்மை பயக்கும் என ஒருவர் முடிவு கட்டலாம். இந்தியக் குழந்தைகளின் எடை குறித்த விவாதம் அம்முடிவைத் தடுக்கிறது.

1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் குழந்தைகளின் எடை அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் குழந்தைகளின் அளவுகளோடு ஒப்பிடப்பட்டது. அந்த ஒப்பீட்டில் இந்தியக் குழந்தைகளுள் பெரும்பாலோர் குறையெடையினர். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொருளியலாளர் டேவிட் செக்லர், புள்ளியியலாளர் பா. வ. சுகாத்மேயின் கருத்துகளைத் துணைக்கொண்டு, இவர்களுள் பெரும்பாலோர் 'சிறியோர், ஆயினும் நலமுடையோர்' என வாதிட்டார். உணவு குறைந்த சூழலுக்கு உடல் தன்னைத் தகவமைத்துக்கொண்டது. பாஸ்டன் குழந்தையின் எடையை ஏன் இந்தியக் குழந்தைமீது சுமத்த வேண்டும் என்பது அவர் வினா. கேட்கும்போது இது இனிமையான வினாதான்.

இதை எதிர்த்தவருள் முன்னின்றவர் சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சி. கோபாலன் (1918–2019). குன்னூரில் 1918இல் ஒற்றை அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடமே பின்னர் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. கோபாலன் குன்னூரில் பணியாற்றி, பின்னர் அந்நிறுவனத்தை இயக்கியவர். சிறுமை நலம் என்றால் அது ஏழைகளுக்கு மட்டும் ஏன் நலமாகிறது என்று அவர் கேட்டார். வசதியுள்ள இந்தியக் குடும்பத்துக் குழந்தைகள் பாஸ்டன் குழந்தைகளைப் போலவே வளர்கின்றனர். எனவே வேறுபாடு குலத்தில் இல்லை, சோற்றிலும் தண்ணீரிலும் உள்ளது. குறுகி வளர்ந்த சிறுமி தாயாகும்போது எடை குறைந்த குழந்தையை ஈன்றெடுக்கிறாள். உழைப்புத் திறன் குறைகிறது. அளவுகோலைத் தாழ்த்தினால் குறையெடைக் குழந்தைகளின் எண்ணிக்கை தாளில் குறையும். அரசின் கடமையும் அதனுடன் குறையும்.

யாஜ்னிக்கின் ஆய்வைக் கோபாலனின் வாதத்தோடு சேர்த்துப் படிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. குறியெண் 23இலேயே நீரிழிவுக்கு ஆளாகும் நடுவயதினர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் 2.7 கிலோவாகப் பிறந்த குழந்தையாக இருக்கக்கூடும். 'தகவமைப்பு' என்று செக்லர் வாழ்த்தியது இலவசமாகக் கிடைக்கவில்லை.

உலக நலவாழ்வு அமைப்பு 2006இல் வெளியிட்ட குழந்தை வளர்ச்சித் தரம் இவ்விவாதத்தைப் பெருமளவு தீர்த்தது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் உண்டு, புகையற்ற, வசதி குறையாத இல்லங்களில் வளர்ந்த குழந்தைகள் அளக்கப்பட்டனர்; இந்தியக் குழந்தைகள் தெற்கு தில்லியைச் சேர்ந்தவர்கள். ஐந்து வயது வரை உயர வளர்ச்சி எங்கும் ஏறத்தாழ ஒன்றே எனக் கண்டனர். ஆயினும் 2013இல் பொருளியலாளர் அரவிந்த் பனகரியா இந்தியக் குழந்தைகளின் குறைவளர்ச்சி மரபுவழி வேறுபாட்டால் மிகைப்படுத்தப்படுகிறது என எழுதியபோது, பழைய வாதம் புதிய உடையில் மீண்டது; மறுப்புரைகளும் உடன் எழுந்தன.

கோட்டாம்பட்டியில் ஒரு தராசு

அளவுகோல் யாருடையது என்னும் வினாவைத் தமிழ்நாடு ஒருமுறை வேறு வழியில் அணுகியது. உலக வங்கியின் கடனுதவியோடு 1980இல் மதுரை மாவட்டத்தின் கோட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டது. ஊரிலேயே வாழும் பெண் பணியாளர் அந்த எடையை வளர்ச்சி அட்டையில் புள்ளியாக வைத்துத் தாயிடம் காட்டினார். மிகக் கடுமையான குறையெடை உடையோரைத் தவிர்த்து, கூடுதல் உணவு யாருக்கு என்பதை முடிவுசெய்தது முந்தைய மாதங்களின் எடையோடு ஒப்பிட்ட ஏற்றம். போதிய அளவு ஏறாத குழந்தைக்குத் தொண்ணூறு நாள் உணவு. ஏறத் தொடங்கியதும் நிறுத்தம். பாஸ்டனும் தில்லியும் இங்கே தேவைப்படவில்லை. குழந்தைக்கு அதன் சென்ற மாதமே அளவுகோல்.

கடும் ஊட்டக்குறை இத்திட்டத்தின் பகுதிகளில் நன்கு குறைந்தது. நடுத்தரக் குறையெடை அவ்வளவு குறையவில்லை. காரணத்தை உய்த்துணரலாம். எப்போதும் சிறிதாகவே இருந்து, மாதந்தோறும் தவறாது கொஞ்சம் கொஞ்சமாக எடை கூடிய குழந்தை, தன்னோடு தான் ஒப்பிடப்பட்டபோது குறையற்றதாகத் தோன்றியது. அதன் தட்டில் உருண்டை விழவில்லை. அக்குழந்தை எவ்வளவு பின்தங்கியுள்ளது என்பதைக் காண, நன்றாக உண்டு வளர்ந்த வேறொரு குழந்தையின் அளவு பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இன்று இந்தியாவின் துணைச் சுகாதார நிலையம் ஒன்றில் ஒரே செவிலியர் இரண்டு அட்டவணைகளைக் கையாளுகிறார். குழந்தையை உலகப் பொதுத் தரத்தாலும், அக்குழந்தையின் பாட்டியை ஆசியர்க்கெனத் தாழ்த்திய எல்லையாலும் அளக்கிறார். இது முரண்பாடு எனச் சிலர் சுட்டுவதுண்டு. முதலாவது அட்டவணை நல்ல உணவும் நீரும் கிடைத்தால் எவ்வளவு வளர இயலும் என்பதிலிருந்து பிறந்தது. இரண்டாவது எந்த எடையில் நோய் தொடங்குகிறது என்பதிலிருந்து பிறந்தது. இரண்டும் தத்தம் பிறப்பிடத்தைச் சொல்லிக்கொள்கின்றன. 1942ஆம் ஆண்டின் 'இலட்சிய எடை' அட்டவணையில் அந்தக் குறிப்பு மட்டும் இல்லை.